மொழிபெயர்ப்பு மென்பொருளான ஒமேகாடி 80% முடிந்தது என்று காட்டுகிறது, ஆனால் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. முன்னேற்றத்தைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: ஹட்டன் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஆங்கிலம், சிங்களம் இரண்டிலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்க்கிறார்கள். படிவங்கள், சுற்றறிக்கைகள், மண்சரிவு அறிவித்தல்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. மென்பொருள் காட்டும் சதவீதத்தை நம்பி வேலை தந்தவரிடம் நாள் சொன்னால் சொன்ன நாளில் முடிவதில்லை. ஏன், என்ன செய்யலாம்?

ஒமேகாடியில் வலது பக்கக் கீழ் மூலையில் ஓடும் எண்கள் எல்லாமே செக்மென்ட் கணக்கு, அதாவது மென்பொருள் உரையை வெட்டித் தரும் துண்டுகளின் கணக்கு. முதல் சோடி, இப்போது திறந்திருக்கும் கோப்பில் எத்தனைக்கு எத்தனை முடிந்தது என்பது. அடுத்த சோடி, முழு ப்ராஜெக்டிலும் உள்ள தனித்த செக்மென்ட்களில் எத்தனை முடிந்தது என்பது. கடைசியில் தனியாக நிற்பது, திரும்பத் திரும்ப வருபவையும் சேர்ந்த மொத்தம். அந்த இடத்தில் ஒரு கிளிக் செய்தால் இதே கணக்கு சதவீதமாக மாறும்.

கோளாறு அங்கேதான். ஒரு படிவத்தில் ‘திகதி’ என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு செக்மென்ட், பின்பக்கத்தில் நாற்பது சொல்லில் நீளும் நிபந்தனை வாக்கியமும் ஒரு செக்மென்ட். பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். எண்ணிக்கையும் ஏறும். நேரத்தைத் தின்கிற நிபந்தனைப் பகுதி அப்படியே மிச்சம் கிடக்கும். ஆகவே நாள் சொல்வதற்கு செக்மென்ட் சதவீதத்தை எடுக்கவே கூடாது. மூலச் சொற்களின் எண்ணிக்கையை எடுக்க வேண்டும்.

அதற்கு டூல்ஸ் மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போங்கள். டோட்டல், ரிமெய்னிங், யுனிக், யுனிக் ரிமெய்னிங் என்று நான்கு வரிசை வரும். உங்களுக்கு வேண்டியது கடைசி வரிசையில் உள்ள சொல் எண்ணிக்கை. இனிக் கையால் தொட வேண்டிய தனித்த சொற்கள் அவ்வளவுதான். இதே அட்டவணை ப்ராஜெக்டின் ‘ஒமேகாடி’ ஃபோல்டரில் ப்ராஜெக்ட் ஸ்டாட்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பாகவும் இருக்கும். வேலை முடித்து எழும்பும்போது அந்த ஓர் எண்ணை எக்செல்லில் திகதியோடு குறித்து வையுங்கள். நேற்றைய எண்ணிலிருந்து இன்றைய எண்ணைக் கழித்தால் உங்கள் நாள் வேகம். நாலைந்து நாள் குறித்த பிறகு கிடைக்கும் சராசரியை நம்பலாம். இணையத்தில் யாரோ சொல்லும் ‘நாளுக்கு 2,000 சொல்’ என்பதை நம்பித் திகதி கொடுக்காதீர்கள். சட்டச் சுற்றறிக்கைக்கும் படிவத்துக்கும் வேகம் ஒன்றாக இராது.

எண்ண வேண்டியது மூலத்தைத்தான், தமிழை அல்ல. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்திலிருந்து செய்த தமிழில் சொல் எண்ணிக்கை குறைந்தே வரும். முடிந்த தமிழ்க் கோப்பை வேர்டில் எண்ணி ஆங்கில எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், செய்து முடித்த வேலையும் பாதியில் நிற்பது போலத் தோன்றும்.

இரண்டாவது அட்டவணை மேட்ச் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். புதிய வரிகள் பழைய மொழிபெயர்ப்புகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று இது காட்டும். பழைய டிஎம் கோப்புகளை (முன்பு செய்த மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைத்த மெமரி) டிஎம் ஃபோல்டரில் போட்ட பிறகு, ஒரு வரிகூடத் தட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை ஓடவிட்டு, வரும் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்து வையுங்கள். நடுவில் ஓடவிட்டால் நீங்கள் முடித்தவையும் முழுப் பொருத்தம் என்ற வரிசையில் போய் விழும், ஆரம்ப நிலவரம் தொலைந்துவிடும். உதாரணத்துக்கு 10,000 சொல் வேலையில் மீள்வருகை 3,000, முழுப் பொருத்தம் 1,000, 85 முதல் 100 வரையான பொருத்தம் 1,500, 75 முதல் 84 வரை 500, 50 முதல் 74 வரை 1,000, பொருத்தமே இல்லாதது 3,000 என்று வைத்துக்கொள்வோம். மீள்வருகைக்குப் பூச்சியம், முழுப் பொருத்தத்துக்குப் பத்தில் ஒன்று, 85க்கு மேல் பத்தில் நான்கு, 75க்கு மேல் பத்தில் ஏழு, மற்றதெல்லாம் முழுசாக என்று பெருக்கினால் 5,050 வரும். உங்கள் உண்மையான சுமை அவ்வளவுதான். 50 முதல் 74 வரை உள்ளதைப் புதிய வேலையாகவே எண்ணுங்கள். அந்தப் பொருத்தங்களைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது வேகம்.

ஆனால் இந்தப் பெருக்கல் மண்சரிவு அறிவித்தலுக்கு உதவாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் வாக்கியம் அப்படியே இருக்கும், ஹாலி-எல இருந்த இடத்தில் ஹப்புத்தளை வரும், அல்லது மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பு வரும். மாறியது ஒரே சொல் என்பதால் மென்பொருள் மிக உயர்ந்த பொருத்தம் என்று காட்டும். அந்த ஒரு சொல் தவறினால், வெளியேற வேண்டிய குடும்பங்கள் விழிப்பாக இருந்தால் போதும் என்று தோட்ட லயத்திலேயே இருந்துவிடும். இந்த வகைக் கோப்பில் எல்லா ஃபஸியையும் (முழுமையாகப் பொருந்தாத பொருத்தங்களை) முழுச் சொல்லாகவே எண்ணுங்கள். இடப்பெயர், எச்சரிக்கை மட்டம், திகதி, மணி ஆகியவற்றை மூலத்தோடு வைத்து இன்னொருவர் பார்க்கும் வரை அது முடிந்த வேலை ஆகாது.

எண் பொய் சொல்லும் வேறு இடங்களும் உண்டு. டிஎம் ஃபோல்டருக்குள் ‘ஆட்டோ’ என்ற உட்ஃபோல்டரில் போட்ட மெமரியிலிருந்து முழுப் பொருத்தங்கள் தானாகவே நிரம்பிவிடும். நீங்கள் எதையும் தொடாமலே முடிந்த கணக்கு ஏறும். இதற்கு நேர்மாறாக, தொலைபேசி இலக்கம், தேயிலைத் தரக் குறியீடு, தொகை மட்டும் உள்ள அட்டவணைக் கட்டங்கள் என்று மாற்றவே தேவையில்லாத செக்மென்ட்கள் கடைசி வரை மிச்சம் என்றே நிற்கும். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றாக இருந்தால் ஒமேகாடி இயல்பாக அதை முடிந்ததாக எடுக்காது. அந்த இடத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் ‘மூலமே மொழிபெயர்ப்பு’ என்று பதிவாகும். அப்படியான கட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ப்ரெஃபரன்சஸில் எடிட்டர் பகுதியில் அதற்கான அனுமதியைத் திறந்துவிடலாம். ஆனால் கவனமில்லாமல் என்டர் தட்டிப் போன ஆங்கில வரிகளும் முடிந்ததாகிவிடும். ஆகவே அந்தக் கோப்பு முடிந்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.

சிங்கள மூலத்தில் எழுத்துருவை முதலில் பாருங்கள். எஃப்எம் அபய போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு மென்பொருளின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதில் ஆங்கில முற்றுப்புள்ளி விசையில் இருப்பது ஒரு சிங்கள எழுத்து. நிஜமான முற்றுப்புள்ளி இருப்பது ஒற்றை மேற்கோள் விசையில். ஆகவே வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டு விழாது, அந்த எழுத்தில் முடியும் சொல்லில் வாக்கியம் நடுவிலேயே உடையும். செக்மென்ட் எண்ணிக்கை அர்த்தமில்லாமல் போகும், யூனிகோடில் உள்ள மெமரியோடு ஒன்றுமே பொருந்தாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் சேர்த்து வைத்த தமிழ் மொழிபெயர்ப்புகளை அப்படியே மெமரியாக்கினாலும் வரும் பொருத்தத்தை உபயோகிக்க முடியாது. இரண்டையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃபை வேர்டாக்கிக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வரியும் தனிப் பந்தியாக உடைந்து நிற்கும். அதையும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது செக்மென்ட் விதிகளை மாற்றினால் முன்பு செய்தவை அனாதைகளாகி, முடிந்த கணக்கு திடீரென்று இறங்கும். மெமரியில் அவை இருக்கும், பொருத்தமாக எட்டிப் பார்க்கும், ஆனால் ஒவ்வொன்றாக மறுபடி எடுத்துப் போட வேண்டும்.

மூன்று பேருக்கு கிட் (கோப்புகளைப் பலர் பகிர்ந்து ஒத்திசைக்கும் முறை) வழியாக டீம் ப்ராஜெக்ட் வைப்பதே நல்லது. ஒருவர் சேமித்ததும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும், யுனிக் ரிமெய்னிங் எண் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். கோப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே கோப்பில் இருவர் இறங்கி ஒரே செக்மென்டைத் தொட்டால் மோதல் வரும். மழைக்காலத்தில் லைன் போனாலும் உங்கள் கணினியில் வேலை ஓடும், இணைப்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதுவரை மற்றவர்கள் பார்க்கும் எண்ணில் உங்கள் வேலை இராது. தானாகச் சேமிக்கும் இடைவெளி 3 நிமிடம். கரன்ட் அடிக்கடி போகும் இடங்களில் அதை 1 நிமிடமாக்குங்கள். திறந்திருக்கும் செக்மென்டை விட்டு நகராத வரை அதில் தட்டியது பதிவாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ட்ரடோஸ் என்ற வேறொரு மொழிபெயர்ப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் கன்ஃபர்மேஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சொற்களைப் பாருங்கள். கன்ட்ரோல் என்டர் அடிக்காதது ‘ட்ராஃப்ட்’ ஆகவே நிற்கும். மெமோக்யூ என்ற இன்னொரு மென்பொருளில் மொழிபெயர்ப்பாளர், முதல் சரிபார்ப்பவர், இரண்டாம் சரிபார்ப்பவர் என்று மூன்று நிலைக்கும் தனித்தனிச் சதவீதம் வரும். ஒமேகாடியில் இந்தப் பிரிப்பு இல்லாததால் எக்செல்லில் கோப்புக்கு ஒரு வரி வைத்து மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு, வடிவமைப்பு என்று மூன்று பத்தி போடுங்கள். என் மதிப்பீட்டில் மொத்த நேரத்தில் மொழிபெயர்ப்புக்கு 70, சரிபார்ப்புக்கு 20, வடிவமைப்புக்கு 10 என்று வைத்தால் பெரிதாகப் பிசகாது. அட்டவணை நிறைந்த படிவமென்றால் வடிவமைப்புக்கு 20 வைத்து மற்றதைக் குறையுங்கள், தமிழ் நீண்டு கட்டத்துக்கு வெளியே போகும்.

வேலை தந்தவருக்கு ஒற்றைச் சதவீதம் அனுப்ப வேண்டாம். ‘8,400 தனித்த சொல்லில் 5,900 மொழிபெயர்த்தாயிற்று, அதில் 3,200 சரிபார்த்தாயிற்று, சிங்கள இணைப்பு 2 இன்னும் வரவில்லை, அது வந்து மூன்று வேலை நாளில் தருகிறோம்’ என்று எழுதுங்கள். அவர் அனுப்ப வேண்டிய இணைப்பு அந்த வரியிலேயே இருப்பதால் தாமதம் யார் பக்கம் என்ற பேச்சுக்கும் இடமிராது.