சேலத்தில் பழைய லாரி டயர்களை யாரிடம் கொடுப்பது? புது விதி வந்ததால் விலை கூடுமா?

ஷெட்டில் சேர்ந்துபோன மொட்டை டயர்களுக்கு, அரசு விதி வந்தபின் கூடுதல் விலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகக் கிடைக்காது.

2022 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி பிடிப்பது டயர் கம்பெனிகளையும் இறக்குமதிக்காரர்களையும்தான். இரண்டு வருடத்துக்கு முன் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த புது டயர்களின் எடையில் இவ்வளவு மறுசுழற்சி ஆகியிருக்கிறது என்று அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். 2022-23இல் 35 சதவீதம், அடுத்த வருடம் 70, 2024-25 முதல் 100. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழை விலைக்கு வாங்கி அதை ஈடுகட்டுவார்கள். அந்தக் காசு ஆலையோடு சரி. கொண்டலாம்பட்டி பைபாஸில் டயர் ஏற்ற வரும் வியாபாரி, எப்போதும்போல கிலோக் கணக்கில்தான் பேசுவார்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். முதலில் ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுவது) கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் ஓடுவதால் அதற்கு ஆளுக்குக் குறைவில்லை. விவரமான ஆள் பட்டனை (மேல் ரப்பரின் கட்டைகளை) மட்டும் பார்த்துவிட்டு நிற்க மாட்டார். டயருக்குள் லைட் அடித்து, உள்சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வருவார். நூல் அறுந்த இடம், ஆணி ஏறிய ஓட்டை, சைடில் புடைப்பு, வாய்க்கம்பி (டயர் வீலில் உட்காரும் விளிம்புக் கம்பி) தெரிகிறதா என்று பார்ப்பார். தேறினால் கழிவு விலையைவிட நல்ல விலை. மேல் ரப்பரைச் சுரண்டும்போது விழும் தூளைக்கூட ரப்பர் மேட் (மிதியடி) செய்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் காற்று குறைந்து லோடோடு ஓடிய டயர் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

தேறாதவை தூளாக்கப்பட்டு ரோட்டுத் தாரில் கலக்கும், மறுபடி பொருள் செய்ய உதவும் ரீக்ளெய்ம் ரப்பராகும், அல்லது காற்றுப் புகாத உலையில் வெந்து எண்ணெயும் கரியுமாகும். 100 கிலோவுக்கு ஏறக்குறைய 40 கிலோ எண்ணெய் வரும் என்பதால் உலைக்காரர்களுக்கு டயர் மேல் எப்போதும் கண். எண்ணெய் எடுப்பதற்காகப் பழைய டயரை இறக்குமதி செய்வதை அதே விதி தடுத்துவிட்டது. உள்ளூர்ச் சரக்குக்குச் சாதகமான ஷரத்து அது ஒன்றுதான் என்பேன். பேரத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சரக்கு எந்த ஆலைக்குப் போகிறது, அது பதிவு பெற்றதா என்று கேட்டு, எடை போட்ட பில் வாங்குங்கள். மழைக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் நின்ற டயரைக் கொசு ஒழிப்புக்கு வருபவர்கள் பார்த்தால் அபராதம் தனி.