மறுபக்கத்தை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்

ஒரு பக்க உள்காதை நீக்கிய எலியில், மூளையின் இரு பக்கமும் காபா (நரம்பணுக்களை அடக்கும் மூளை வேதிப்பொருள்) அளவு வேறுபடுகிறது, அதற்கு அறுவைதான் காரணம் என்கிறீர்கள். அந்த வேறுபாட்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அறுவை செய்யாத மறுபக்கத்தை மாறாத பக்கமாக எடுத்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

இரு பக்கச் சமநிலை நரம்புக்கருக்களும் (உடல் சமநிலையைக் கவனிக்கும் மூளைத்தண்டு நரம்பணுக் கூட்டங்கள்) ஒன்றையொன்று அடக்குபவை. ஒரு காது போனதும் அந்தப் பக்கத்தின் ஓய்வுநிலைத் துடிப்பு சரியும், மறுபக்கம் கூடும். அப்புறம் சில நாட்களில் மூளை ஈடுகட்டத் தொடங்கும். அதனால் திசு எடுத்த நாளைப் பொறுத்து விடையே மாறும்.

மறுபக்கத்துக்குப் பதில் ஒப்பீட்டுக்கு, காதைத் திறந்து, உள்காதைத் தொடாமல் தைத்த எலிகளையும் அதே நாளில் அளந்து பாருங்கள். திசு எடுக்கும் முன் கருவிழி தானாக ஆடுகிறதா என்று குறியுங்கள். மூளை எவ்வளவு ஈடுகட்டியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம், அதனால் இது ரொம்ப முக்கியம்.

இன்னொன்று, இறந்தபின் மூளையில் காபா தானாகவே ஏறும். புதுச்சேரி வெக்கையில் திசுவை மேசையில் வைக்காமல் உடனே உறையவையுங்கள்.