ஏலத்துக்கு வரும் டாங்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. ஆறு வருடமாக வீட்டில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்ற அளவில் பீர் காய்ச்சி வருகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சின்னதாக ஒரு ப்ரூவரி தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூடப்படும் ப்ரூவரிகளின் சாமான்கள் இப்போது அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன. 15 பேரல் டாங்குகள் புதுசின் விலையில் பாதிக்கும் கீழே போகின்றன. இன்னொரு பக்கம் பயமாகவும் இருக்கிறது. 1896-இல் தொடங்கிய ஆங்கர் ப்ரூவிங்கையே 2023-இல் இழுத்து மூடினார்கள். பேலஸ்ட் பாயின்ட் ப்ரூவரியை 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர்கள் நாலே வருடத்தில் கைகழுவினார்கள். சின்ன ப்ரூவரிகள் காய்ச்சும் கிராஃப்ட் பீரின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை, மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப்போடுவதுதான் கெட்டிக்காரத்தனமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

காலம் முடிந்ததா என்பதைவிட, அந்த டாங்குகள் ஏன் ஏலத்துக்கு வந்தன என்று கேட்டால் உங்களுக்கு உபயோகமான பதில் கிடைக்கும்.

இந்தத் தொழில் பிறந்ததே பழைய சாமானில்தான். 1976-இல் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் ப்ரூவரியைத் தொடங்கியபோது, அவ்வளவு சின்ன ப்ரூவரிக்கு யாரும் டாங்கு செய்து விற்கவில்லை. பால் பண்ணைகள் கழித்துப்போட்டதையும் காலி டிரம்களையும் வெட்டி ஒட்டித் தானே செய்துகொண்டார். ஒரு தடவைக்கு ஒன்றரை பேரல் வரும். (அமெரிக்க பீர்க் கணக்கில் ஒரு பேரல் 31 காலன், அதாவது 117 லிட்டர்.) பீருக்கு நல்ல பெயர். ஆனால் அந்த அளவில் எவ்வளவு விற்றாலும் கட்டுப்படியாகவில்லை, பெரிதாக்க வங்கிகள் கடன் தரவில்லை, 1982-இல் மூடிவிட்டார். சிக்கோவில் கென் கிராஸ்மன் 1980-இல் சியரா நெவாடாவின் முதல் பீரைக் காய்ச்சியதும் பால் பண்ணை டாங்குகளை வைத்துத்தான். ஆனால் ஒன்றரை பேரல் பத்தாது என்று கணக்குப் போட்டு, 10 பேரலில் ஆரம்பித்தார். அந்த ப்ரூவரி இன்றும் குடும்பத்தின் கையில் ஓடுகிறது.

மெக்காலிஃபுக்கு டாங்கு சின்னதாகப் போனது பிரச்சினை. இப்போது டாங்கை ஏலத்துக்கு விடுபவர்களில் நிறையப் பேருக்கு அது பெரிதாகப் போனதுதான் பிரச்சினை. 2010-க்குப் பிறகு கிராஃப்ட் பீர் வருடாவருடம் இரட்டை இலக்கத்தில் வளர்ந்தது. வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்த காலம் அது. 7 பேரலில் இருந்தவர் 15-க்கும், 15-இல் இருந்தவர் 30-க்கும் போனார். அந்த வளர்ச்சி 2016 வாக்கில் தளர்ந்தது. பிறகு வந்த ஒயிட் கிளா மாதிரியான ஹார்ட் செல்ட்சர்கள், அதாவது மது கலந்த சோடாக்கள், கடை அலமாரியில் இடத்தைப் பிடித்தன (அந்தக் குமிழியும் 2021-இல் உடைந்தது வேறு கதை). பெருந்தொற்றில் மதுக்கூடங்கள் மூடின, கெக் (மதுக்கூடங்களுக்குப் போகும் உலோகப் பீப்பாய்) வியாபாரம் படுத்தது. 2024-இல் ப்ரூவரிகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்குப்படி அமெரிக்காவில் திறந்த ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம்; கிராஃப்ட் பீரின் மொத்த அளவு சுமார் 4 சதவீதம் சரிந்தது. நான்கு சதவீதம் என்பது சாவு மணி இல்லை. ஆனால் 15 சதவீதம் வளரும் என்று நம்பிக் கடன் வாங்கியவருக்கு 4 சதவீதச் சரிவே போதும்.

இப்போது உங்கள் 15 பேரல் டாங்குக்கு வருவோம். ஏல் (சீக்கிரம் நொதிக்கும் பீர்) வகை ஒன்று டாங்கில் கிடக்கும் நாள், கழுவும் நாள் எல்லாம் சேர்த்து இருபது நாள் என்று வைத்தால், வருடத்துக்குச் சுமார் 18 தடவை நிரப்பலாம். ஒரு டாங்குக்கு 270 பேரல். ஏலத்தில் ஆறு டாங்கு ஒரே லாட்டாக வரும், அதையே எடுக்கிறீர்கள் என்றால் 1,620 பேரல். ஒரு பேரலில் 248 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு). நுரை, சிந்தல், ருசிபார்க்கக் கொடுப்பது என்று பத்து சதவீதம் போனால் 220-தான் காசாகும். வருடத்துக்கு மூன்றரை லட்சம் பைன்ட், நாளொன்றுக்குச் சுமார் 975. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்த டாப்ரூமிலும், அதாவது ப்ரூவரியின் சொந்த மதுக்கூடத்திலும், இது நடக்காது.

அப்போது மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். அங்கேதான் கை கடிக்கும். சொந்தக் கவுன்ட்டரில் பைன்ட் 7 டாலர் என்று வைத்தால், ஒரு பேரலுக்கு 1,540 டாலர் வருகிறது. அதே பீரை கெக்கில் அடைத்து விநியோகஸ்தருக்குக் கொடுக்கிறீர்கள். மதுக்கூடக்காரர் அரை பேரல் கெக்குக்கு 180 டாலர் கொடுத்தால், விநியோகஸ்தர் தன் 28 சதவீதத்தை எடுத்துக்கொண்டு உங்களுக்கு 130 தருவார். பேரலுக்கு 260. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் ஆறில் ஒரு பங்கு என்ற இந்த விகிதம் பெரிதாக மாறாது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது, உற்பத்தியாளர் ஒருவர், விநியோகஸ்தர் ஒருவர், சில்லறை வியாபாரி ஒருவர் என்று பிரித்து வைத்த ஏற்பாடு இது. பல மாநிலங்களில் ஒரு விநியோகஸ்தருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வெளியே வருவது விவாகரத்தைவிடக் கஷ்டம். நீங்கள் கலிபோர்னியாவில் இருப்பது நல்லதாயிற்று. அங்கே 23-ஆம் வகை உரிமம் வாங்கினால் சொந்தக் கவுன்ட்டரில் விற்கலாம், கடைகளுக்கும் நீங்களே நேரடியாகக் கொடுக்கலாம். ஆனால் வேனும் ஓட்டுநரும் குளிர்பதன அறையும் உங்கள் செலவு.

அந்த 260 டாலரில் பீருக்கே என்ன போகிறது என்று பாருங்கள். 1980-களின் பேல் ஏலுக்குப் பேரலுக்கு அரைக் கிலோவுக்குக் கீழே ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போதும். இன்று எல்லாரும் கேட்கும் கலங்கலான ஹேஸி ஐபிஏவுக்கு (ஐபிஏ என்பது ஹாப்ஸ் தூக்கலான ஏல்), நொதித்த பிறகு போடும் டிரை ஹாப் மட்டுமே பேரலுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. சிட்ரா, மொசைக் மாதிரி உரிமை பெற்ற ரகங்கள் விலை கூடுதல். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 35 கிலோ அளவுக்கு வேண்டும். எல்லாம் சேர்த்து 120 டாலரைத் தாண்டும். அதோடு முடியவில்லை. ஹாப்ஸ் துகள் பீரை உறிஞ்சிக்கொண்டு அடியில் கசடாகத் தங்கும். 15 பேரல் டாங்கில் ஒன்றரை, இரண்டு பேரல் வடிகாலுக்குப் போகும். மேலே போட்ட 270 கணக்கிலேயே இந்த ஓட்டையைக் கழிக்க வேண்டும்.

20 லிட்டரில் காய்ச்சுபவர் பெரிய அளவுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஹாப்ஸில் சில என்சைம்கள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் பீரில் மிஞ்சிய மாவுச்சர்க்கரையை அவை உடைத்து, தின்னக்கூடிய சர்க்கரையாக்கும். நொதித்து முடிந்தது என்று நினைத்த பீர் மறுபடி நொதிக்கத் தொடங்கும். ஹாப் க்ரீப் என்பார்கள். கூடவே டைஅசிட்டில் வரும், அதாவது பாப்கார்ன் வெண்ணெய் வாசம். அவசரப்பட்டுக் குளிர்வித்துக் கேனில் அடைத்தால், கடை அலமாரியில் கேன் உப்பும், சில வெடிக்கும், வெடிக்காதது வெண்ணெயாக மணக்கும். தடுக்கும் வழி எளிது. டிரை ஹாப் போட்ட பிறகு 18, 20 டிகிரியிலேயே ஈஸ்ட்டோடு விட்டு, சர்க்கரை அளவு மூன்று நாள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மாதிரியை இரண்டு மூடிபோட்ட பாட்டிலில் எடுத்து, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறவைத்து, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வாசம் வந்தால் அந்த பீர் இன்னும் தயாராகவில்லை. பச்சையாக வைத்ததில் வாசமில்லை என்று ஏமாறக் கூடாது, அது பின்னால்தான் வெளிப்படும். இந்தக் காத்திருப்புக்கு மூன்று நாலு நாள் ஆகும். கடன் தவணை நெருக்கும் ப்ரூவரியில் முதலில் வெட்டுவது இந்த நாலு நாளைத்தான்.

கேனும் சும்மா வராது. 2022-இல் கேன் தயாரிக்கும் பால் (Ball) நிறுவனம், அச்சிட்ட கேன்களுக்குக் குறைந்தபட்ச ஆர்டரை, ஒரு வடிவமைப்புக்கு ஒரு லாரி என்பதிலிருந்து ஐந்து லாரி என்று உயர்த்தியது. ஐந்து லாரி என்றால் பத்து லட்சம் கேன். சின்ன ஆட்கள் வெற்றுக் கேன் வாங்கி லேபிள் ஒட்டத் தொடங்கினார்கள், கேனுக்கு விலை கூடியது. அடைக்கும்போது உள்ளே போகும் ஆக்சிஜன் பில்லியனில் 50 பங்குக்குக் கீழே இருந்தால் நல்லது. மலிவான கேனிங் மெஷினில் அது நடப்பதில்லை. ஹேஸி ஐபிஏ ஒரு மாதத்திலேயே மாம்பழ நிறம் போய்ப் பழுப்படித்து, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும். கேனின் அடியில் தேதியைப் பார்த்து வாங்கும் ஆட்கள் இப்போது அதிகம். தேதி கடந்ததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் நஷ்டம் பெரும்பாலும் உங்களுக்கே.

பேலஸ்ட் பாயின்ட் கதையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். சான் டியேகோவில் வீட்டு ப்ரூயிங் சாமான் விற்கும் கடையின் பின்கட்டில் 1996-இல் முளைத்தது அது. ஸ்கல்பின் ஐபிஏவுக்கு ஊரே அடிமை. கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம் 2015-இல் 100 கோடி கொடுத்தது, அந்த பீரை நாடு முழுக்க அலமாரியில் வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில். ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர் நேற்று அடைத்த ஐபிஏ கிடைக்கத் தொடங்கியிருந்தது. ஆயிரம் மைல் தாண்டி வந்து, வாரங்கள் கடந்துவிட்ட ஸ்கல்பினை அதிக விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? 2019 டிசம்பரில் கிங்ஸ் அண்ட் கன்விக்ட்ஸ் என்ற சின்ன இல்லினாய்ஸ் ப்ரூவரி அதை வாங்கியபோது பீர் உலகமே நம்ப முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டது.

ஆங்கரின் கதை வேறு. 1965-இல் மூடும் நிலையில் இருந்ததை ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். கேஸ்கேட் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டு 1975-இல் வந்த லிபர்ட்டி ஏல்தான் இன்றைய அமெரிக்க ஐபிஏவுக்கு மூதாதை. 2017-இல் ஜப்பானிய பீர் நிறுவனமான சப்போரோ வாங்கியது. விற்பனை இறங்கிக்கொண்டே போக, சான் ஃபிரான்சிஸ்கோ செலவில் பெரிய ஆலையை அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. 2024-இல் சோபானி தயிர் கம்பெனியின் ஹம்தி உலுகாயா வாங்கினார். பழம்பெருமைக்கு விலை இருந்தது, ஆலையை நிரப்ப அது போதவில்லை.

ஹாப்ஸ் ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. 2007, 2008-இல் ஹாப்ஸ் தட்டுப்பாட்டில் விலை தாறுமாறாக ஏறியதும், ப்ரூவரிகள் பயந்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போடப் பழகின. விற்பனை சரிந்தாலும் ஒப்பந்தப்படி எடுத்தாக வேண்டும். ஹாப்ஸ் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கின் குளிர்கிடங்குகள் நிரம்பி, 2024-இல் அமெரிக்க ஹாப்ஸ் பரப்பு சுமார் 18 சதவீதம் குறைக்கப்பட்டது. உங்களுக்கு இது சாதகம். ஒப்பந்தம் எதுவும் போடாமல், அறுவடை ஆண்டைக் கேட்டு, பெட்டி பெட்டியாக வாங்குங்கள்.

டாங்கு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 15 பேரலை விடுங்கள். 7 பேரல், நாலு டாங்கு. மேலே போட்ட அதே கணக்கில் நாளொன்றுக்கு 300 பைன்ட்டுக்குச் சற்று மேலே வரும். நல்ல இடத்தில் 70 இருக்கை இருந்தால் எட்டக்கூடியது. யானை மலிவாகக் கிடைக்கலாம், தீனி அதே விலைதான்: சாய்வான தரையும் வடிகாலும், மும்முனை மின்சாரம், டாங்கைக் குளிர்விக்கும் கிளைக்கால் சில்லர், கழிவுநீர்க் கட்டணம். மத்திய அரசின் மது, புகையிலை வரித்துறையான டிடிபியிடம் ப்ரூவர்ஸ் நோட்டீஸ் என்ற அனுமதி வாங்கவும் இடம் கையில் இருக்க வேண்டும், ஒரு பைன்ட்கூட விற்காமல் மாதக்கணக்கில் வாடகை போகும். ஏலத் தொகைக்கு மேல் 15 சதவீதத்தை ஒட்டி ஏலக் கமிஷன், கிரேன், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் அபராதம்.

ஏலத்துக்கு முன் பார்வைநாள் வைப்பார்கள். நேரில் போங்கள். டார்ச் அடித்து உள்ளே கூம்பின் வெல்டிங்கைப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருந்தால் யாரோ குளோரின் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், அந்தக் குழிகளில் பாக்டீரியா குடியிருக்கும். டாங்கைச் சுற்றிக் கிளைக்கால் ஓடும் ஜாக்கெட்டில், பெயர்ப்பலகை அனுமதிக்கும் அழுத்தத்துக்குள் காற்றேற்றி, முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் கிளைக்கால் ஒருநாள் பீரில் கலக்கும். மேல்பக்கம் உள்வாங்கி நெளிந்திருந்தால் தொடவே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாமல் காஸ்டிக் போட்டுக் கழுவினால், காஸ்டிக் அந்த வாயுவை விழுங்கிவிடும், உள்ளே வெற்றிடம் உண்டாகி டாங்கு காலி கேன் மாதிரி நசுங்கும். தட்டி நிமிர்த்தி விற்பவர்கள் உண்டு. அழுத்த வால்வும் வெற்றிட வால்வும் இருக்கின்றனவா என்று கேளுங்கள், ஏலத்தில் முதலில் காணாமல் போவது அவைதான்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வருடம், பக்கத்தில் டாங்கு காலியாகக் கிடக்கும் ப்ரூவரி ஒன்றில் இடம் கேட்டு உங்கள் பீரைக் காய்ச்சிப் பார்க்கலாம். இப்போது அப்படிப்பட்ட ப்ரூவரிகளுக்குப் பஞ்சமில்லை, பேரலுக்கு இவ்வளவு என்று வாடகை பேசிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள். டைஅசிட்டில் சோதனை தேறும்வரை டாங்கு உங்களிடம் இருக்கும் என்பது ஒன்று. கசடோடு போகும் பீர் யார் கணக்கில் என்பது மற்றொன்று.