பொண்ணு கடல் விவசாயம் படிக்கணும்னு நிக்கிறாளா?

சார், உங்க பயம் புரியுது, பொண்ணு கடல் விவசாயம்தான், அதாவது கடல்ல மீன், சிப்பி, பாசி வளர்க்கிற படிப்புதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, இதெல்லாம் ஒரு வேலையா, பத்து வருஷத்துல ரோபோ வந்து எல்லாத்தையும் செஞ்சிடாதான்னு கேக்குறீங்க. வேலை இருக்கு சார். 2022ல உலகம் முழுக்க வலை போட்டுப் பிடிச்ச மீன் இறாலை விட வளர்த்து எடுத்தது அதிகம், முதல் தடவையா பாதியத் தாண்டிருச்சுன்னு ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பே சொல்லியிருக்கு.

ரோபோவும் வந்தாச்சு. நார்வேல சால்மன் கூண்டுக்குள்ள கேமரா, மீன் மேல ஒட்டியிருக்கிற கடல் பேன்ங்கிற ஒட்டுண்ணியைக் கண்டுபிடிச்சு லேசர்ல சுடுது. ஆனா அந்த லென்ஸ்ல பாசி படிஞ்சா? விடியக்காலைல ஆக்சிஜன் இறங்கி மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குறப்ப, மீட்டர் காட்டுறது நிஜமா இல்ல சென்சார் அழுக்கான்னு ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல முடிவெடுத்தாகணும், அந்த ஆளுக்குத்தான் சம்பளம். அதுக்கு உயிரியலும் தண்ணி கெமிஸ்ட்ரியும் கைவசம் இருக்கணும், கூட கொஞ்சம் கோடிங், ஸ்டாடிஸ்டிக்ஸ்.

புதுசா ஒரு டெக்னாலஜி பேர் போட்டு கோர்ஸ் வந்தா மட்டும் உடனே பணம் கட்டிடாதீங்க. கடல்ல கார்பனைப் புதைச்சு, அந்தக் கணக்கைப் புகை விடுற கம்பெனிகளுக்கு கிரெடிட்டா விக்கிறோம், கடல்பாசியும் வளர்க்கிறோம்னு பரபரப்பா பேசப்பட்ட ரன்னிங் டைட் கம்பெனி 2024ல மூடிட்டாங்க. அதுக்காக கடல்பாசியே வீண்னு இல்ல, உரம் வேண்டாம் நல்ல தண்ணி வேண்டாம், மீன் கூண்டுப் பக்கத்துல பாசியும் சிப்பியும் சேத்து வளர்த்தா மீனோட கழிவையே தின்னு வளரும், ஒரு வகை சிவப்புப் பாசிய மாட்டுத் தீவனத்துல கொஞ்சமா கலந்தா மாடு விடுற மீத்தேன் நல்லாவே குறையுது. கடல்ல நிக்கிற காத்தாலைகளுக்கு நடுவுல பண்ணை, ஆளே இல்லாத ஆழ்கடல் கூண்டு இதெல்லாம் பெருசா வரலாம், வராமலும் போகலாம், அதை நம்பி மட்டும் டிகிரி எடுக்கக் கூடாது.

என்னைக் கேட்டா தீவனம்தான் சார் பெரிய இடம். வளர்ப்பு மீனுக்குப் போட சின்ன மீனைக் கடல்ல இருந்து அள்ளிட்டு வந்து அரைக்கிறாங்க, அப்புறம் கடல் வளம் தீராம பாத்துக்கிற தொழில்னு எப்படிச் சொல்றது? பூச்சி மாவு, நுண்பாசி எண்ணெய்னு மாத்து தேடிட்டே இருக்காங்க, விலை குறையணும், மீன் முகம் சுளிக்காம சாப்பிடணும், ரெண்டும் இன்னும் முழுசா கைகூடல, அதனால ஆள் தேவை இருந்துட்டே இருக்கும்.

அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு மாசம் ஏதாவது பண்ணைல வேலை பாக்க அனுப்புங்க. வலை கழுவட்டும், செத்த மீனை எண்ணட்டும். படகுல வாந்தி எடுத்தா பதறாதீங்க, முக்காவாசி பேருக்குப் பழகிடும், பழகலைன்னாலும் தீவன லேபுக்குக் கடல் ஏறவே வேண்டாம்.