பேஸ்பாலில் எல்லாம் பிட்சர் கையில்தானே? கேட்சருக்குப் பந்தைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது. விக்கெட் கீப்பரை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் கல்லூரி அணியில் மூன்று வருடம் கேட்சராகக் குந்தியிருந்தேன்.

வீசுவது பிட்சர்தான். ஆனால் என்ன பந்து, எந்தப் பக்கம் என்று கேட்பது பெரும்பாலும் கேட்சர். தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவோம். ஒன்று என்றால் வேகமாக நேரே வரும் ஃபாஸ்ட்பால், இரண்டு என்றால் வளைந்து கீழே இறங்கும் கர்வ்பால். பிடிக்காவிட்டால் பிட்சர் தலையாட்டி மறுப்பார். பிட்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பேஸில் (ரன்னுக்கு ஓடுபவர் தொட வேண்டிய நிறுத்தம்) எதிரணி ஆள் நின்றால் விரல்கள் அவன் கண்ணில் பட்டுவிடும். அதனால் வரிசையாக நாலைந்து சைகை காட்டுவோம். எது நிஜம் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

தெரிய வேண்டும். அன்றைக்குத் தெரியவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை, இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆட்கள். இரண்டாவது சைகைதான் நிஜம் என்று பேசி வைத்திருந்தோம். கர்வ்பால் கேட்டுவிட்டுக் கையுறையைத் தரையோரம் வைத்திருக்கிறேன். பிட்சர் முதல் சைகையைப் பார்த்து ஃபாஸ்ட்பாலை நெஞ்சு உயரத்தில் விட்டான். பேட்டர் சுழற்றினான், படவில்லை. மூன்றாவது ஸ்டிரைக், அதாவது மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்திருக்க வேண்டும்! ஆனால் பந்து என் கையுறை விளிம்பில் பட்டுப் பின்வேலிக்கு ஓடிவிட்டது. இரண்டு அவுட் ஆன நிலையில் மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். ஓடினான். நான் பந்தை எடுத்துத் திரும்புவதற்குள் மற்ற இருவரும் ஹோமைத் தொட்டு ரன் எடுத்துவிட்டார்கள்.

ஸ்கோர் புத்தகத்தில் பிட்சருக்கு ஒரு ஸ்டிரைக்அவுட், எனக்கு ஒரு ‘பாஸ்ட் பால்’ (passed ball), அதாவது கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டது. அந்த இரண்டு ரன்னும் பிட்சர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரியில் ஏறவில்லை. ‘வைல்ட் பிட்ச்’, அதாவது பிட்சர் தாறுமாறாக வீசியது, என்று எழுதியிருந்தால் ஏறியிருக்கும். தோல்வி அவன் பெயரில்தான் பதிவானது, அதை மறுக்கவில்லை.

‘நல்ல கேட்சர் அதையும் பிடித்திருப்பார்’ என்று யாராவது வருவீர்கள். பிட்சரின் மேடு 18.44 மீட்டர் தூரம். கிடைப்பது அரை நொடி. தரையோரம் இருக்கும் கையை அதற்குள் நெஞ்சுக்குத் தூக்கிப் பாருங்கள், பேசலாம். 2022 முதல் அமெரிக்காவின் மேஜர் லீகில் கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் விரல்தான்.

அலுவலகத்திலும் இதே கதை. ராத்திரி இரண்டு மணி வரை நான் திருத்திய அறிக்கையை வேறொருவர் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். களத்தடுப்பில் மற்ற எட்டுப் பேரையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவன் கேட்சர் ஒருவன்தான். யார் எங்கே தள்ளி நிற்க வேண்டும், பந்து அடிபடும்முன்பே அடுத்த பேஸைத் திருட ஓடுபவன் யார், பிட்சருக்குக் கை சோர்ந்துவிட்டதா, எல்லாம் அவன் கண்ணில்தான் முதலில் படும். முழங்கால் என்ன ஆகும் என்று கேட்டால் அதைத் தனியாக எழுதுகிறேன்.