ஏல நாளிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் சின்ன அண்ணன் 2020 டிசம்பரில் ஹூஸ்டன் புறநகரில் திடீரென்று காலமானார். திருமணமாகவில்லை, உயிலும் இல்லை. வீட்டுக்கடனை அடைத்துவிட்டார். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் பெரியண்ணனும் மதுரையில். வீட்டு வரியை யாரும் கட்டவில்லை. எங்களுக்கு ஒரு நோட்டீஸ்கூட வராமல் கவுண்டி 2024 செப்டம்பர் 3 அன்று வீட்டை ஏலம் விட்டுவிட்டது. மூன்று லட்சம் டாலர் பெறும் வீடு 1,86,000-க்குப் போனது. வரியும் செலவும் சுமார் 39,000 என்கிறார்கள். வாங்கியவரின் பத்திரம் நவம்பரில் பதிவானது. உரிமை கோரப்படாத பணத்துக்கான மாநிலத் தளத்தில் அண்ணன் பெயரில் 340 டாலர் இருக்கிறது. ஏலத்தில் மிஞ்சியதும் அங்கேதான் வரும், அதற்குக் கெடு இல்லை என்று காத்திருக்கிறேன். பெரியண்ணன் தாசில்தாரிடம் அம்மா பெயரில் மட்டும் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லாம் அம்மாவுக்கே என்கிறார். அந்த வீட்டுக்கு முன்பணமாக 18,000 டாலர் கொடுத்தவள் நான். இப்போது ஒரு கம்பெனி போனில் அழைத்து, 35 சதவீதம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி: 2024 செப்டம்பர் 3. டெக்சஸில் வரி ஏலத்தில் மிஞ்சிய பணத்தைக் கேட்கும் மனு, ஏலம் நடந்த நாளிலிருந்து இரண்டாம் ஆண்டு நிறைவதற்கு முன் நீதிமன்றத்தில் விழ வேண்டும். உங்களுக்கு அது 2026 செப்டம்பர் 2. பத்திரம் பதிவான நவம்பரிலிருந்து எண்ணக் கூடாது.

நோட்டீஸ் வராததைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். வரி பில் கைக்கு வரவில்லை என்பது டெக்சஸில் வரியையோ அபராதத்தையோ தள்ளுபடி செய்யாது. கடிதமெல்லாம் வரிக்காக வீட்டின் மதிப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டு மாவட்ட அலுவலகத்தின் பதிவில் உள்ள முகவரிக்குப் போகும். அது பூட்டிக் கிடந்த அண்ணன் வீடு. ஜனவரி 31-க்குள் கட்டாத வரிக்குப் பிப்ரவரியில் ஏழு சதவீதம் ஏறும். ஜூலையில் பதினெட்டு ஆகும். அதன்மேல் வசூல் வழக்கறிஞருக்கு இருபது வரை சேரும். 39,000 அப்படி வந்த கணக்குதான். வீடு குறைந்த விலைக்குப் போனதும் வழக்குக்கு உதவாது. வரி ஏலத்தில் வீடுகள் அப்படித்தான் போகின்றன.

ஏலமே செல்லாது என்று வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறந்தவர் மீதான தீர்ப்பு, வாரிசுகளைச் சரியாகத் தேடாதது என்று வாதங்கள் உண்டு. பத்திரப் பதிவிலேயே முகவரி கிடைக்கும்போது அதைப் பார்க்காமல் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் பெற்ற பழைய வரித் தீர்ப்பு ஒன்றை 2022-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அந்த வழியில் கெடு பொதுவாகப் பத்திரம் பதிவாகி ஒரு வருடம்; முன்கூட்டியே நீதிமன்றத்தில் பணமும் கட்ட வேண்டும். ஏலம் செல்லாது என்று ஆகிவிட்டால் மிச்சப் பணம் வாங்கியவருக்குத் திரும்பிவிடும். இரண்டு குதிரையில் ஏற முடியாது. பணத்தைப் பிடியுங்கள்.

இனி, நான் கண்ணால் பார்த்த ஆபத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மாநிலத் தளத்தின் அச்சுப் பிரதி ஒன்று. அதில் தம்பி பெயருக்கு நேரே 212 டாலர், சிவப்பு மையால் வட்டம். அதன் கீழே, பத்திரம் பதிவான தேதியோடு இரண்டு வருடத்தைக் கூட்டித் தன் கையால் ஒரு தேதி எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் ஏலத் தேதியிலிருந்து எண்ணினால் பத்தொன்பது நாள் தாண்டியிருந்தது. அவர் எதிரில் இருக்கும்போதே நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். போனை எடுத்த அம்மாள் கணக்கைத் திறந்து பார்த்து, இருப்பு பூஜ்யம் என்றார். அறுபத்தோராயிரத்துச் சொச்சம் பள்ளி மாவட்டத்துக்கும் கவுண்டிக்கும் தண்ணீர் மாவட்டத்துக்கும் விகிதப்படி பிரிந்து போய்விட்டது. “ஜட்ஜிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவர் குழம்பியதில் வியப்பில்லை. வீட்டை மீட்கும் உரிமைக்குத்தான் பத்திரப் பதிவுத் தேதியிலிருந்து கணக்கு. குடியிருந்த வீடானால் இரண்டு வருடம், மற்றவற்றுக்கு 180 நாள். கவுண்டி வரிக்காக வழக்குத் தொடுத்தபோது அங்கு யாரும் குடியில்லாததால் உங்களுக்கு 180 நாள்தான் என்பார்கள், அது எப்போதோ முடிந்தது. இரண்டு வருடம் என்று வாதாடி வென்றாலும் இரண்டாம் வருடத்தில் ஏல விலைக்கு மேல் ஐம்பது சதவீதம் கூடுதல் தர வேண்டும். 2,79,000 டாலருக்கு மேல் எண்ணிவைக்க வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

மாநிலத் தளத்தில் நீங்கள் பார்த்த 340 டாலர் வேறு பணம். மின்சார வைப்புத்தொகை, மறந்துபோன வங்கிக் கணக்கு, காசாக்காத காசோலை போன்றவை மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரிடம் போகும். அதற்குக் கெடு கிடையாது, பத்து வருடம் கழித்தும் கேட்கலாம். கவுண்டியே வைத்திருக்கும் நூறு டாலர் வரையிலான சில்லறைத் தொகைகள் அந்தத் தளத்தில் வராமல் கவுண்டியிடமே கிடக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஏல மிச்சம் இருக்கும் இடம் ஏலத்துக்கு உத்தரவிட்ட நீதிமன்றத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கைக் கேளுங்கள். பத்திரம் பதியும் கவுண்டி கிளார்க் வேறு ஆள். இந்தப் பணம் ஒருநாளும் மாநிலத் தளத்துக்கு வராது.

“சுப்ரீம் கோர்ட்டே கவுண்டி மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டதே” என்று எழுதியிருக்கிறீர்கள். 2023-இல் மினசோட்டாவின் ஜெரல்டின் டைலர் வழக்கில் சொன்னது உண்மை. 15,000 டாலர் பாக்கிக்காக எடுத்த வீட்டை 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் ஹென்னபின் கவுண்டி எடுத்துக்கொண்டது; ஒன்பது நீதிபதிகளும் அது தவறு என்றார்கள். அங்கே மிச்சத்தைக் கேட்க வழியே இல்லை. கேட்க வழி இருந்தும் கேட்காமல் விட்டவருக்குப் பரிகாரம் இல்லை என்ற 1956-ஆம் ஆண்டு நியூ யார்க் நகர வழக்கின் தீர்ப்பை அதே நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. டெக்சஸில் வழி இருக்கிறது. கெடுவைத் தவறவிட்டால் நீங்கள் டைலர் அல்ல, 1956 வழக்கின் கட்சிக்காரர்.

அந்தக் கம்பெனி விஷயம். டெக்சஸில் வழக்கறிஞர் அல்லாதவர் இந்தப் பணத்தை வாங்கித் தர உரிமையாளரிடம் கட்டணம் கேட்கவே கூடாது. வழக்கறிஞர் கேட்டாலும் 25 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் உச்சம். மொத்த மிச்சம் 1,47,000-இல் 35 சதவீதம் 51,000-க்கு மேல். இது சட்டத்துக்கு உடன்படாது என்று தெரிந்தே, அவர்கள் கட்டணம் என்று சொல்லாமல், பணத்தைக் கேட்கும் உரிமையையே அவர்கள் பெயருக்கு மாற்றும் “உரிமை மாற்றுப் பத்திரம்” அனுப்புவார்கள். போனில் பேசிப் பிடித்த ஆளிடம் அதை எழுதி வாங்கக் கூடாது, உரிமையின் மதிப்பில் குறைந்தது 80 சதவீதம் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால் அதை உடைக்க ஒரு விசாரணை வேண்டும். அதற்குள் செப்டம்பர் வந்துவிடும். என்னிடம் வந்த இருவர் அப்படித்தான் மாட்டினார்கள்.

வாரிசுத் தகராறுக்கு வருகிறேன். டெக்சஸ் மண்ணில் இருந்த வீட்டுக்கு டெக்சஸ் சட்டம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத மகனின் சொத்து முழுதும் தாய்க்கு. பெரியண்ணன் அதைத்தான் சொல்கிறார், அங்கே அது சரி. இங்கே மனைவி மக்கள் இல்லாதவருக்குத் தாய் மட்டும் இருந்தால் தாய்க்குப் பாதி, உடன்பிறந்தவர்களுக்குப் பாதி. அம்மாவுக்கு 73,500, அண்ணனுக்கும் உங்களுக்கும் தலா 36,750. ஏலத் தீர்ப்புக்குப் பிறகு சேர்ந்த வரியும் வீட்டுச் சங்கத்தின் பாக்கியும் இருந்தால் முதலில் கழியும். தாசில்தார் சான்றிதழை இந்த நீதிமன்றம் வாரிசு நிர்ணயமாக ஏற்காது. இறந்து நான்கு வருடம் தாண்டிவிட்டதால் அண்ணன் சொத்துக்கு நீதிமன்றம் நிர்வாகி நியமிப்பது எளிதல்ல. வாரிசு நிர்ணய மனுதான் போட வேண்டும். பங்கில் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள், தெரியாத வாரிசுகளுக்காக நீதிமன்றம் வைக்கும் வழக்கறிஞர், பத்திரிகை அறிவிப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்கேதான் என் கவலை. மனு கெடுவுக்குள் விழ வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. கெடுவுக்குள் யாரும் உரிமையை நிரூபிக்காவிட்டால் கிளார்க் பணத்தைப் பிரித்துவிடலாம் என்கிறது அதற்கு முந்தைய பிரிவு. நான் இரண்டாவதைப் பார்த்துத்தான் வேலை செய்வேன். மிச்சப் பணத்துக்கான மனுவும் வாரிசு மனுவும் ஒரே வாரத்தில் விழட்டும்.

நீங்களும் அண்ணனும் எதிரெதிர் மனுவோடு நின்றால் ஒரு வருடம் போகும், வழக்கறிஞர் மணிக்கணக்கில் பில் போடுவார், மதுரையில் அம்மாவின் வயதும் நிற்காது. உங்கள் 18,000-ஐ நான் நம்புகிறேன். ஆனால் 2012-இல் அண்ணன் வீடு வாங்கியபோது கடன் கொடுத்த வங்கி உங்களிடம் கிஃப்ட் லெட்டர் வாங்கியிருக்கும்: இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று உங்கள் கையெழுத்தோடு. அதை வைத்துக்கொண்டு கடன் என்று வாதாட முடியாது. கடன் என்றாலும் காலம் கடந்தது. பூர்வீக வீட்டைப் பெரியண்ணன் விற்றதாக நீங்கள் எழுதியிருக்கும் கதையும் இந்த வழக்கில் வராது.

எனவே சமரசம். பாதி, கால், கால் என்று மூவரும் ஒரே தாளில் எழுதுங்கள். அம்மா தன் பாதியைப் பிறகு யாருக்குக் கொடுத்தாலும் அது அவர் விருப்பம். உங்கள் கால் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கத் தோன்றினால் அதுவும் செய்யலாம், ஆனால் அதைப் பணம் வந்தபிறகு செய்யுங்கள். அம்மாவும் அண்ணனும் சென்னை அண்ணா மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, நோட்டரி முன் கையெழுத்திடட்டும். ஒரு முத்திரைக்கு ஐம்பது டாலர். நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும். இன்றே பெரியண்ணனுக்குப் போன் செய்யுங்கள். பேச வேண்டியது அந்தத் தேதியை மட்டும்.