ஒருவர் முடிக்க, அடுத்தவர் தொடங்க: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி, கமக்காரர் அமைப்பின் செயலாளர்): ஐயா, சிறுபோகக் கூட்டத்தில் நீர்ப்பாசனம், விவசாயம், கமநலம், வங்கி என நான்கு தரப்பினர் புரொஜெக்டரில் காட்டிப் பேசுகிறார்கள். ஆளுக்கொரு மடிகணினியை மாற்றிப் பொருத்துவதற்குள் சனம் எழும்பிப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கூட்டம் தொடங்கிய பிறகு வயரைக் கழற்றவே கூடாது. கழற்றும் ஒவ்வொரு முறையும் புரொஜெக்டர் புதிய கணினியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; தண்ணீர் திறக்கும் திகதியை அறிய வந்தவர்களை அதற்காகக் காக்க வைப்பது நியாயமன்று. எல்லோருடைய பவர்பொயின்ற் கோப்புகளையும் முதல்நாளே வாங்கி, ஒரே மடிகணினியில், பேசும் ஒழுங்கின்படி எண்ணிட்டு வையுங்கள். விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்ரென்ட்’ என்பதைத் தெரிவு செய்தால், உங்கள் திரையும் சபையின் திரையும் வெவ்வேறாகிவிடும். கோப்புகள் அனைத்தையும் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தால், ஒருவருடையதை மூடி, அடுத்தவருடையதில் ‘எஃப்5’ விசையை அழுத்துவது மட்டுமே மிச்சம். அந்த இடைவெளியில் சபைக்குத் தெரிவது பின்புலப் படம் ஒன்றுதான் என்பதால், அதில் கூட்டத்தின் பெயரைப் போட்டுவிடுங்கள். கமக்காரர் கேள்வி கேட்கும் வேளையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் திரை கறுத்து, கவனம் பேசுபவரிடம் திரும்பும். மீண்டும் தட்டினால் படம் வரும். இவற்றைக் கவனிக்கவென்று ஒருவரைக் கணினியருகே இருத்துங்கள்.

கேள்வி (மல்லாவி, ஆசிரியை): அப்படி ஒரே கணினியில் சேர்த்தபோது ஒருவருடைய தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டதே, ஐயா?

பதில்: அவர் பாமினியில் தட்டச்சு செய்திருப்பார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரிகளெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய யுனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்வதே நிரந்தரத் தீர்வு. அவகாசம் இல்லையென்றால், எழுத்துருக் கோப்பையும் ஒரு பீ.டி.எஃப். பிரதியையும் பென் ட்ரைவில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். எப்படியாயினும், சபை கூடுமுன் ஒவ்வொரு சிலைட்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்): தமது மடிகணினியில்தான் காட்டுவேன் என்று வளவாளர் நின்றால்?

பதில்: இரு கணினிகளை ஒரே புரொஜெக்டரோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. சுவிட்ச் ஒன்றை வாங்கி, இரு கணினிகளையும் கூட்டத்துக்கு முன்பே அதில் பொருத்திச் சோதித்துவிட்டால், பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (நெடுங்கேணி): நடுவில் மின்சாரம் நின்றால்?

பதில்: மடிகணினியின் பற்றரி நிறைந்திருந்தால் சிலைட் நின்ற இடத்திலேயே இருக்கும். விளக்கு வகைப் புரொஜெக்டரோ சூடு ஆறிய பின்னரே மறுபடி எரியும். அதுவரை படமின்றிப் பேசுமாறு பேச்சாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.